தட்டு கழுவித் திரும்பி வந்தது

மார்ச் 3

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: மகன், மருமகள், பேத்தி, சுகர் பார்க்க வந்த நர்ஸ், மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, அவள் புருஷனான என் கொழுந்தன். ஆறு பேர். ஒருவரையும் மறக்க மாட்டேன்.

நர்ஸ் விரலில் குத்தினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. "நான் இனிப்பே தொடுறதில்லம்மா" என்றேன். ஓரகத்தி நேரே என் கட்டிலுக்குப் போய்த் தலையணையைத் தூக்கி உதறினாள். க்ரீம் பிஸ்கட், மூன்று பாக்கெட்.

"அக்காவுக்குச் சுகர் ஒடம்புல இல்ல, நாக்குல!"

சிரித்தார்கள். பேத்திகூட.

அவளுக்கும் சுகர்தான். ஆனால் வாய்க்கட்டுக்குப் பேர்போனவளாம். இருக்கட்டும்.

மார்ச் 4

இனி இனிப்பைத் தொட்டால் நான் நானில்லை. டாக்டர் பத்து வருஷம் தொண்டை கிழியச் சொல்லி நடக்காதது, இவள் ஒரு சொல்லில் நடக்கிறது.

மார்ச் 21

நூற்றெண்பது. காலையில் அவள் ஜன்னலுக்குக் கீழேதான் நடக்கிறேன். செருப்பை ஓங்கி ஓங்கி வைத்து.

ஏப்ரல் 2

நான் அடங்கினால் போதுமா? அவள் வாய்க்கட்டு அவிழ வேண்டாமா? கேக் சுட்டேன். வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டேன். இரண்டு துண்டு மாடிக்குக் கொடுத்தனுப்பினேன்.

தட்டு கழுவித் திரும்பி வந்தது.

ஏப்ரல் 27

வாரத்துக்கு மூன்று தட்டு. மூன்றும் காலி. மாட்டினாயா, மகராசி!

மே 11

எனக்கு நூற்றுப் பதினெட்டு. நர்ஸ் கை தட்டினாள். அதே ஆறு பேரையும் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். "மாடிக்காரிக்கும் குத்தும்மா, எல்லாரும் பாக்கட்டும்."

ஐந்து பேர்தான் வந்தார்கள். அவளுக்குச் செருப்புக் கடியாம், படி இறங்க முடியலயாம். நடிப்பு! எனக்கா தெரியாது?

மே 16

செருப்புக் கடி ஆறாமல் புண்ணாகி, சீழ் வைத்து... இடது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அவளுக்குச் சுகர் நானூறுக்கு மேலே.

ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இனிப்புன்னு தெரியும்ல? ஏன்டி தின்ன?"

"முப்பது வருஷத்துல எனக்குன்னு நீங்க ஒரு தட்டு அனுப்புனதில்லயேக்கா. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

மே 18

நூற்றுப் பத்து. "என்ன கட்டுப்பாடு பாட்டி!" என்று டாக்டர் மெச்சினார். நாக்கைக் கட்டிப்போட்டவளுக்கு மனசைக் கட்டத் துப்பில்லையே—

மார்ச் 3 பக்கத்தைத் திருப்பி, அன்று கூடத்தில் சிரித்ததாக எழுதிவைத்த ஆறு பேரையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். நான் மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான் மீதி.

கேக் சுட்ட அக்கா.