இடது கால் காப்பு

செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் இடது காலை உடைத்தவன் எழுதுகிறேன். வேறு எப்படி அறிமுகம் செய்துகொள்வது என்று தெரியவில்லை. ஆறு வருடமாக இரண்டாம் டிவிஷன் கால்பந்தில் உங்களுக்கு எதிராக ஆடுகிறேன். உங்கள் முதுகும் முழங்கையும் எனக்கு அத்துப்படி. ஆனால் திட்டிக்கொண்டதைத் தவிர நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். உங்கள் அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிறகு வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டேன். "அவன் போனை ஆஃப் பண்ணி அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டான். கடுதாசி போடுங்க, படிச்சா படிக்கட்டும்" என்றார். போடுகிறேன்.

பந்தைத்தான் குறிவைத்தேன். அரை நொடி தாமதமாகிவிட்டது. முதலுதவிக்காரர்கள் உங்கள் காலுறையைக் கத்தரித்தபோது உள்ளே இருந்த பிளாஸ்டிக் கால் காப்பு இரண்டாகப் பிளந்து புல்லில் விழுந்தது. சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது அதை எடுத்துவந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அனுப்பி வைக்கட்டுமா?

என்னை மன்னியுங்கள்.

பூட்டு
(கிளப்பில் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என்னைத் தாண்டி ஆள் போக முடியாதாம்.)

*

அக்டோபர் 3

தம்பி பூட்டுக்கு,

உன் கடிதத்தைப் பதினைந்து நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுவதும் பாசத்தால் இல்லை, பொழுது போகாததால். மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல், கீழே கார் பட்டறை. தொடைவரை மாவுக்கட்டு. உள்ளே ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும். அக்கா பல் ஆஸ்பத்திரி வேலைக்கு எட்டு மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவாள். அதுவரை நானும் சுவர்க் கடிகாரமும்தான்.

முதல் வாரம் டீம் முழுக்கப் பழப்பையோடு வந்தது. அடுத்த வாரம் நாலு பேர். இப்போது யாரும் இல்லை. குறை சொல்லவில்லை, அவர்களுக்கு மேட்ச் இருக்கிறது.

மன்னிப்பெல்லாம் கிடையாது, கேட்காதே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நடுவர் அட்டையைத் தூக்கியபோது அந்த வலியிலும் உன்னைப் பார்த்தேன். வேறு எவனாக இருந்தாலும் "நான் பந்தைத்தான் தொட்டேன்" என்று சத்தியம் பண்ணியிருப்பான். நீ வாயைத் திறக்கவே இல்லை. பொய் சொல்ல வராத முகம் உனக்கு. அந்த முகத்துக்காகத்தான் இந்தப் பதில்.

காப்பைத் தபாலில் அனுப்பாதே. உடைத்தவன் கையாலேயே கொண்டுவந்து கொடு. இப்போது வேண்டாம், நான் நடக்கும்போது.

வெட்டுக்கிளி
(முப்பத்திரண்டு வயதில் கால் ஒடிந்த வெட்டுக்கிளி. சிரிக்கலாம், தப்பில்லை.)

*

நவம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை. கட்டுக்குள் அரிப்பதாக அக்கா போனில் சொன்னார். ஸ்வெட்டர் பின்னும் ஊசியை உள்ளே விடாதீர்கள், புண்ணாகிவிடும்.

எனக்குத் தடை முடிந்து ஐந்து மேட்ச் ஆடிவிட்டேன், நாலு தோல்வி. இடுப்பில் ஒரு பிடிப்பு, அதனால் பழைய வேகம் இல்லை. "என்னடா பூட்டு, சாவியத் தொலைச்சிட்டியா?" என்று கோச் எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நான் தங்கியிருப்பது ஒரு அச்சகத்துக்கு மேலே. மெஷின் ஓடினால் கட்டில் ஆடும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றுவிட்டால் தூக்கம் வருவதில்லை. அம்மாவுக்குப் போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உங்கள் காப்பு ஜன்னலோரம் இருக்கிறது.

பூட்டு

*

டிசம்பர் 9

அடேய் தம்பி,

இடுப்புப் பிடிப்பா? யாரிடம் கதை விடுகிறாய்? அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்துவிட்டேன். யாரையும் கூப்பிட அல்ல, உங்கள் மேட்ச் பார்க்கத்தான். கிளப் நேரலையில் காட்டும் அந்த ஒற்றைக் கேமராவில் பந்து தெரிகிறதோ இல்லையோ, நீ நன்றாகவே தெரிகிறாய். எவன் பந்தோடு வந்தாலும் பஸ்ஸுக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்குகிறாய். பந்துக்குக் காலை விடவே மாட்டேன் என்கிறாய். உடைந்தது என் கால். உனக்கு என்ன வந்தது?

கட்டு எடுத்தாகிவிட்டது. காலைப் பார்த்தால் யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கிறேன். பிசியோ அம்மா இருபது தடவை போதும் என்றார். கீழே பட்டறைக்காரர் ஸ்பானரும் கையுமாக நிமிர்ந்து பார்த்து "இன்னும் பத்து சார், விடாதீங்க!" என்று கத்துகிறார். அவர் பேச்சைத்தான் கேட்கிறேன்.

நீயும் விடாதே. ஒழுங்காக ஆடு.

வெட்டுக்கிளி

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அச்சகத்துக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார். இந்த அறையில் அதற்குமுன் நான் சிரித்ததே இல்லை போலிருக்கிறது.

இடுப்புப் பிடிப்பு பொய்தான். அன்றைக்குக் கேட்ட அந்தச் சத்தம் அண்ணே, குச்சி ஒடிகிற மாதிரி. காலை நீட்டப் போகும்போதெல்லாம் அது கேட்கிறது, கால் நின்றுவிடுகிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. தனியாகத் தினம் நூறு தடவை சறுக்கிப் பந்தைப் பறிக்கப் பழகுகிறேன். மேட்சில் பத்துக்கு ஆறு இப்போது சரியாக வருகிறது. மூன்று ஜெயித்தோம். ஆனாலும் கடைசி இரண்டு டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும், நாங்கள் அந்த விளிம்பில்தான் நிற்கிறோம். கடைசி மேட்ச் உங்கள் கிளப்போடு.

உங்கள் கடிதம் வராத வாரம் நீளமாக இருக்கிறது.

பூட்டு

*

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். கடைசி மேட்சில் கடைசி இருபது நிமிடம் இறக்குவதாக எங்கள் கோச் சொல்லியிருக்கிறார். என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. அந்த இருபது நிமிட ஆட்டத்தைப் பார்த்துத்தான் கிளப் முடிவு செய்யும்.

கிளப் கிடக்கட்டும். இந்தக் கால் பழைய கால்தானா என்று எனக்குத் தெரியவேண்டும். உன்னிடம்தான் அது தெரியும். பாவம் பார்த்து எவனாவது வழிவிட்டு நான் கோல் போட்டால், அதைவிட அந்த ஸ்ட்ரெச்சரிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் வந்தால் காலை விடு. முழுசாக விடு. எழுத்தில் வாக்குக் கொடு.

வெட்டுக்கிளி

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வாக்குக் கொடுக்கிறேன். முழுசாகக் காலை விடுவேன். எங்களுக்கு டிரா ஆனாலே போதும், தப்பித்துவிடுவோம். அதனால் உங்களுக்காக மட்டுமில்லை, எனக்காகவும்தான்.

பூட்டு

*

ஏப்ரல் 22

என் அருமைத் தம்பிக்கு,

சந்தோஷத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எண்பத்தாறாவது நிமிடம்! பந்து வந்ததும் நீ குறுக்கே வருவது தெரிந்தது. இடது காலை ஊன்றித் திரும்பினேன் பார், அந்தக் கால் தாங்கியது! உன் கால் வந்தது, நான் அதற்குள் தாண்டிப் போய்விட்டேன். பிறகு கோல்கீப்பர் யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

உங்கள் டீம் இறங்கியதில் வருத்தம்தான். ஆனால் உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிளப் ஒரு வருடம் நீட்டித்துவிட்டது. பட்டறைக்காரர் எல்லா வண்டி ஹாரனையும் அடித்தார். அக்கா அழுதாள்.

அன்றைக்கு மன்னிப்பு கிடையாது என்று எழுதினேன். இன்று கொடுக்கிறேன், எடுத்துக்கொள். காப்போடு வீட்டுக்கு வா. "அந்தத் தம்பிய வாசல்ல நிக்க வெச்சுட்டேன், உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு சோறு போடணும்டா" என்கிறாள் அக்கா. இன்னொன்று: சில பயல்கள் நீ விட்டுக்கொடுத்தாய் என்று பேசுகிறார்கள். நீ வந்து என் எதிரில் உட்கார்ந்து "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல். உன் முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

வெட்டுக்கிளி

*

ஏப்ரல் 30
(அனுப்பாதது)

அண்ணே,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. இதை எழுதினால்தான் அடுத்ததை எழுத வரும்.

என் கால் வரவில்லை. பாதி வந்து நின்றது. நீங்கள் திரும்பும்போது உங்கள் இடது கால் பலகை மாதிரி விறைத்திருந்தது, பந்து எட்டுகிற தூரத்தில் இருந்தது. எப்போதும்போல நீட்டியிருந்தால் எடுத்திருப்பேன். உங்களுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, அதில் கொஞ்சம் பெருமையாவது மிஞ்சும். அதுவும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டது, பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

என்னால் பதினோரு பேர் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள். என்னைக் கிளப் விடுவித்துவிட்டது. யாரும் திட்டவில்லை, உடைமாற்றும் அறையில் பக்கத்தில் உட்காரவுமில்லை. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த வருடம் முழுக்க எனக்கென்று இருந்தது உங்கள் கடிதம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் இந்த முகத்தை எங்கே வைத்துவிட்டு வருவேன்?

*

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

வாக்குக் கொடுத்தபடி முழுசாகக் காலை விட்டேன். எட்டவில்லை. நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது உங்கள் கோல்.

மன்னித்ததற்கு நன்றி. நேரில் வரமுடியவில்லை, தூரத்தில் ஒரு வேலை கிடைத்து உடனே கிளம்புகிறேன். காப்பைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிளந்த இடத்தை ஒட்டவில்லை, எடுத்தபடியே இருக்கிறது.

அக்காவிடம் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெயிலில் ஆடிவிட்டு வந்தால் அந்தக் காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதீர்கள். இந்த அறையை நாளைக்குக் காலி செய்கிறேன், இனி இந்த விலாசத்துக்கு எழுதாதீர்கள்.

பூட்டு