கடற்கரைப் பாதையை அடைத்த கல்

ஜெர்சித் தீவு, மார்ச் 2, 1868

எங்கள் பசு மார்கோ கன்று போட்டாள். கிடாரி! தம்பி ஜோசுவே மட்டும் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. எதையோ செய்துவிட்டான்.

மார்ச் 3

தெரிந்துவிட்டது. எங்கள் வயலில் இருக்கும் ஆதிகாலத்துக் கல்லறையை, அந்தப் பெரிய கற்களை, கர்னல் ஆஷ்பிக்குத் தாரை வார்த்திருக்கிறான். இங்கிலாந்திலிருந்து வந்த அந்த மனிதர் தம் தோட்டத்து ரோஜாக்களுக்கு நடுவே நிறுத்தி அழகு பார்க்கப் போகிறாராம்.

“ஏன்டா குடுத்தே?”

“அக்கா, நம்ம மார்கோவைப் பார்த்து, ‘தீவிலேயே இதான் அழகான மாடு’ன்னாரு. மாட்டேன்னு சொல்ல வாய் வரலே.”

மாட்டைப் புகழ்ந்தால் வீட்டையே எழுதிக் கொடுப்பான். ஆனால் வயல் என் பெயரில் அல்லவா இருக்கிறது? சிறுவயது முதல் அந்தக் கல்லடியில் குடியிருப்பதாக ஊரார் நம்பும் மாயக் குட்டி மனிதர்களுக்குப் பால் வைத்து வருகிறேன். விடமாட்டேன்.

மார்ச் 5

செய்துவிட்டேன்! கல்லறையின் கூரைக்கல்லை வண்டியில் ஏற்றி வயல் வாசலைத் தாண்டி வந்துவிட்டார்கள். ஓடிப்போய்ச் சேற்றில் முழங்காலிட்டுக் கத்தினேன்: “ஹரோ! ஹரோ! ஹரோ! இளவரசே, காப்பாத்துங்க, எனக்கு அநியாயம் பண்றாங்க!”

எங்கள் தீவின் பழைய சட்டம் அது: நிலத்துக்காரர் சாட்சிகள் முன் அப்படிக் கூவிவிட்டால், கோர்ட் சொல்லும்வரை, அல்லது எதிராளி விட்டுக்கொடுக்கும்வரை, யாரும் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது. கர்னல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “இந்தம்மா ஜெபம் பண்றாங்களா?” என்று கேட்டார்.

மார்ச் 6

ஐயோ, வண்டி நிற்கிற இடத்தை நான் கவனிக்கவே இல்லை! கடற்கரைக்குப் போகும் ஒரே பாதை அது. இன்றுதான் வயல் உரத்துக்குக் கடற்பாசி அறுக்கத் தொடங்கும் நாள். ஊர் வண்டிகள் எல்லாம் பின்னால் வரிசை.

“கத்தினதுதான் கத்தினே ராஷேல், கொஞ்சம் முன்னாடியே கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார் வண்டிக்கார ரெனூஃப்.

நான் கூவியதைத் திரும்பப் பெற்றால் வழி திறக்கும். கல் போய்விடும். மாட்டேன் — ஆனால் பயமாக இருக்கிறது.

மார்ச் 7

என்ன நாள்! காத்திருந்து சலித்தவர்கள் ஆப்பிள் மதுவைத் திறந்தார்கள். நான் பன்றிக்கறி போட்ட அவரைப் பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். யாரோ பிடில் வாசிக்க, ரெனூஃப் மனைவியோடு ஆடினார். சண்டை போட வந்த கர்னலின் கையிலும் ஒரு கோப்பை ஏறிவிட்டது.

கல்லைச் சுற்றியிருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் தோட்டத்துல வெச்சா இத்தனை பேர் வருவாங்களா?”

“உங்க வாசல்ல நாய் இருக்கே ஐயா,” என்றான் ஜோசுவே.

கர்னல்தான் முதலில் சிரித்தார். “சரி, விட்டுட்டேன். திருப்பிக் கொண்டுபோங்க.”

எல்லோரும் சேர்ந்து தள்ளினோம், அவரும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மதுவினால் மட்டுமல்ல.

மே 10

கல்லை நிறுத்தக் கர்னல் தம் தோட்டத்தில் தோண்டிய குழி இப்போது குளம். மார்கோ தினமும் அங்கேதான் தண்ணீர் குடிக்கிறாள்.

மாலையில் கல்லடிக்குப் பால் கொண்டுபோனேன். எனக்கு முன்பே ஒரு கோப்பைப் பால் அங்கே இருந்தது. ரோஜாப்பூ வரைந்த இங்கிலாந்துப் பீங்கான்.