முன்னங்காலின் உட்பக்கம்

பாபடோயிட்டோய்,
ஆக்லாந்து.
08.02.2016

அன்புத் தம்பி யசீகரனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே வெயில் கடுமை. முழங்கால் நோவும் அப்படியே.

போன கிழமை தொலைபேசியில், "அக்கா, லோன்றியில துணி அடுக்கின உங்களுக்குப் பொப்கட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரித்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருடங்களுக்கு முன் உன் கல்கரி வீட்டுக் கொட்டிலின் கீழே பிறந்த அந்தப் பொப்கட் காட்டுப்பூனைக் குட்டிக்கு உடம்பெல்லாம் புள்ளி. இப்போது வருவதற்கு முதுகில் ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம். "இது எங்கேயோ இருந்து வந்தது, பங்குனி முதலாம் திகதி கூண்டு வைச்சுப் பிடிச்சுக் குடுக்கப்போறன். எங்கட வளவில பிறந்ததெண்டால் விட்டிருப்பன்" என்றாய். அந்தச் சொல்லை மறக்காதே.

இங்கே விரி என்ற ஊரின் லோன்றியில் பத்தொன்பது வருடம் விரிப்புகளை எந்த ஆஸ்பத்திரியுடையது என்று பார்த்துப் பிரித்தேன். நடுப்பகுதியைப் பார்க்கிறவள் ஏமாறுவாள், அது வெளிறிவிடும். மடித்துத் தைத்த ஓரத்தின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும், அங்கேதான் ஆஸ்பத்திரியின் நிறம் மங்காமல் நிற்கும். நான் ஒன்றையும் மாற்றி அனுப்பியதில்லை.

உன் மகள் நிசாந்தினி அனுப்பிய, குட்டியினதும் பெரியதினதும் படங்களை நூலகத்தில் பெரிதாக அச்செடுத்தேன். அகராதியோடு மூன்று புத்தகம் படித்தேன். வயது ஏற முதுகுப் புள்ளிகள் மங்கும். முன்னங்காலின் உட்பக்கத்துக் கறுப்புப் பட்டைகள் நிற்கும். குட்டியின் இடது காலில் இரண்டு பட்டை, மேலது நடுவில் அறுந்தது. பெரியதிலும் அதேதான். சிவப்புப் பேனையால் வட்டமிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நிசாந்தினி தன் பல்கலைக்கழக ஆசிரியையிடம் காட்டினாளாம். அவர் வியந்து, உன் மாமி எங்கே படித்தவர் என்று கேட்டாராம். விரி லோன்றியில் என்று சொல்லு என்றேன்.

இன்னொன்று. போன வருடம் அத்தானின் செத்தவீட்டுக்கு வந்தபோது, விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் போய் வேறொருத்தியின் கையைப் பிடித்து "அக்கா" என்றாய். பதினாறு வருடத்தில் தலை நரைத்து உடம்பு வற்றிவிட்டதுதான். நான்தான் பின்னால் வந்து உன் தோளைத் தொட்டேன்.

கூண்டு வைக்காதே. அது தன் இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

ஆடி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாய். வா. நாலு வயதில் நீ கவிழ்த்த தேத்தண்ணிக் கேத்திலின் சுடுதண்ணீர் உன்மேல் படாமல் மறித்த கை இது. தழும்பு உட்பக்கத்தில் மங்காமல் இருக்கிறது. விமான நிலையத்தில் இந்தக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சற்குணம்