சோத்து மேல பழி போடாதீங்க

ஏங்க,

அரிசி டப்பாவைப் பரண் மேல ஒளிச்சு வச்சா எனக்கு எட்டாதா? நாற்காலி எதுக்கு இருக்கு? சோறு வடிச்சேன், வயிறு முட்டச் சாப்பிட்டேன், அரை மணி நேரம் தூங்கினேன். இப்போ மறுபடி தையல் கடைக்குக் கிளம்பறேன்.

"சோத்தை விடு, சாப்பிட்டதும் வர்ற அசதி போயிடும்"னு மந்திரம் மாதிரி ஓதினீங்களே, ஒரு வாரம் வெறும் கீரையும் முட்டையுமா தின்னு பார்த்துட்டேன். அப்பவும் கண்ணு சொக்குச்சு. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தவ முதல்முதலா ஓய்வா உக்கார்றதே அந்தத் தட்டு முன்னாலதான்!

பானையில உங்களுக்கும் சோறு இருக்கு. சாப்பிட்டு நல்லாத் தூங்குங்க.

மறந்துட்டேனே: அலாரக் கடிகாரத்தை உங்க தலைமாட்டுக்கு மாத்திட்டேன். நாளைக்கும் நாலு மணிக்கே அடிக்கும். நான் எழுந்திருக்க மாட்டேன்.