அடையாறு, ஏறு ஏறு

உன் காக்கிச் சட்டையை இன்று மறுபடி எடுத்தேன். உன்னுடையது என்று சொல்லிவிட்டேன் பார், என் தம்பியுடையது. ஷேர் ஆட்டோ ஓட்டும்போது அவன் போட்டது. அவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, அவன் பெண்டாட்டி நீ மேடையில் போட்டது. அவன் வேர்வை போய்விட்டது. உன் பவுடர் வாசனைதான் வந்தது. அந்தப் பவுடரை நீ முகத்துக்குப் போட மாட்டாய், கழுத்தில்தான் கொட்டிக்கொள்வாய். அது கிடக்கட்டும்.

தண்ணி லாரி வரிசையில் நின்று நீ உன் கதையைச் சொல்லச் சொல்ல, லாரி வந்ததுகூடத் தெரியாமல் பெண்கள் கேட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தானே நாடகக்காரர்கள் உன்னைக் கூட்டிப்போனார்கள்? அப்புறம் மயிலாப்பூர், தி.நகர் என்று மேடை மேடையாக ஒற்றை ஆளாய் நின்று உன் கல்யாணம், சண்டை, தாலி போனது எல்லாம் சொன்னாய். நடுவில் சட்டையை மாட்டி, தொண்டையைச் செருமி, "அடையாறு, அடையாறு, ஏறு ஏறு! இன்னா பெர்சு, பல்லக்கா வரும்? குந்து நைனா!" என்பாய். அவனேதான். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசி வரிசையில் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவேன். கதை கேட்கவா வந்தேன்? அந்தக் குரலுக்காக வந்தேன்.

ஃபோனில் பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். "என் புருசனை உங்க பையில போட்டுக்கினு போவாதீங்க." ஒருத்தரும் பிடிக்கவில்லையடி, பாவி. நீ காய்ச்சலில் போனதிலிருந்து பார்க்கிறவரையெல்லாம் கேட்கிறேன். சபா வாட்ச்மேனைக் கேட்டேன். விளக்குப் போடுகிறவரைக் கேட்டேன். ஒரு துண்டு இல்லை.

நேற்று பட்டினப்பாக்கத்தில் என் மீன் கடைக்கு அபிராமபுரத்து அம்மா ஒருவர் வந்தார், உன் நாடகம் பார்த்தவர். அவரையும் கேட்டேன்.

"எதுக்கும்மா ஃபோன்ல? நாடகத்துல அந்த ஆட்டோக்காரர் அப்படியே நீங்க பேசற மாதிரிதானே பேசுவாரு? உங்களைப் பார்த்துதான் அவங்க அந்தக் குரலைப் பழகினாங்கன்னு நெனச்சேன்."

கையிலிருந்த வவ்வால் மீன் நழுவி விழுந்தது.

நாடகம் இருக்கிற அன்றெல்லாம் மதியம் என் கடையில் வந்து உட்கார்ந்து வம்புக்கு இழுப்பாயே.

"இன்னா அண்ணி, சங்கராவா இது? செவுளு வெளுத்துக் கீது!"

"ஏமே, கண்ணு அவிஞ்சு பூட்ச்சா உனுக்கு? எய்ந்து போ!"

கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். "இன்னொருவாட்டி திட்டு அண்ணி."

கொழுப்பு என்று நினைத்தேன். உனக்கு அவன் குரல் மறந்துகொண்டே வந்திருக்கிறது. என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

அந்த அம்மா போனதும் தொண்டையைச் செருமினேன். "அடையாறு, அடையாறு, ஏறு ஏறு!" அவன் ஆட்டோவில் தினமும் வந்தவள் பக்கத்துக் கடைக்காரி. வெடுக்கென்று ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. என் தொண்டையிலேயே இருக்கிறான், எனக்கு மட்டும் என் சத்தம்தான் வருகிறது. காதைப் பொத்திக்கொண்டும் கத்திப் பார்த்தேன். நீ வாங்கிக்கொண்டு போய் மேடையில் சொன்னால்தானே எனக்கு அவன் கேட்பான்?

சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னொருவாட்டி வந்து வம்புக்கு இழுமே.