கொல்லையில் ஓடும் ஃப்ரீசர்

செப்டம்பர் 3, புதன்

வெயில். புரட்டாசி பிறக்கப் போகிறது, இன்னும் சித்திரை மாதிரி காய்கிறது. காலையில் முதல் வேலை, கொல்லைத் தகரக் கொட்டகையில் ஃப்ரீசரைத் துடைத்தது. மூடி ரப்பர் முழுக்க வெள்ளைத் தூசி. சிமென்ட் லாரி எந்த ஊருக்கோ போகிறது, தூசி மட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு என் கொட்டகைக்கு வந்துவிடுகிறது.

வீட்டுக்குள் இடம் இல்லாமல் இல்லை. மூன்று அறை. ஒன்று மாமியாருக்கு. ஒன்று எப்போதாவது வரும் நாத்தனாருக்காகப் பூட்டியே கிடக்கிறது. ஒன்று எனக்கு, அதில் கட்டிலும் பீரோவும் போக நடக்கத்தான் இடம். ஹாலில் வைத்தால் இரைச்சலில் மாமிக்குப் படபடப்பு வருமாம். அதனால் ஃப்ரீசருக்குக் கொல்லை. என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து சொல்லி வாங்க வைத்தார். வெயிலிலும் மழையிலும் அதோடு நிற்கப் போவது நான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

தினமும்:
– எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர். ஊற்றாவிட்டால் மூடியைத் தொட்டதும் சுர்ரென்று இழுக்கும்.
– மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு கட்டுவது. பெட்டி மேல் போடக் கூடாது, தள்ளித்தான். (மாமி ஒருதடவை மேலேயே போர்த்திவிட்டார். குளிருமாம் அதற்கு.)
– ஸ்டெபிலைசருக்குள் பல்லி இருந்தால் விரட்டுவது.
– சாயங்காலம் வோல்டேஜ் டல் அடித்தால் மூடியைத் திறக்கவே கூடாது.

புருஷனுக்குச் செய்ய வேண்டிய பணிவிடையெல்லாம் பெட்டிக்குச் செய்கிறேன்.

உள்ளே இருப்பது ஹஜ்ஜுப் பெருநாளில் அவர் பெயரில் கொடுத்த குர்பானிக் கறி. ஏழைகளுக்கு, சொந்தக்காரர்களுக்குப் பங்கு போனபின் வீட்டுப் பங்கை அப்படியே எடுத்து வைத்தேன். தொடை, நெஞ்செலும்பு, கொஞ்சம் ஈரல். "எம்பேர்ல குடுத்ததுல ஒரு வாயாவது நான் திங்கணும் ஜமீலா, அதான் சுன்னத்து, நபி வழி. லீவுக்கு வர்ற வரைக்கும் வச்சிரு" என்றார். இந்த மாதக் கடைசியில் வருகிறார். போய் மூன்று வருடம் ஆகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

அனல். ஜும்மா தொழுகை முடிந்து தெரு அடங்கிவிட்டது. மாமிக்கு அவரிடமிருந்து போன். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். எப்போதும் தெருவுக்கே கேட்கிற குரல், இன்று கிசுகிசு. பிறகு மாமியே டீ போட்டு எனக்கு ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடி புள்ள. சீனி போதுமா பாரு."

கல்யாணமாகி வந்த நாள் முதல் நடக்காதது. சீனி அதிகம். குடித்தேன். மகன் வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

கறிவேப்பிலை வாடிவிட்டது. ரப்பரை வினிகர் போட்டுத் துடைக்க வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

இன்று அவர் எனக்குப் போன் போட்டார். முதல் கேள்வி: "ஃப்ரீசர் எப்புடி ஓடுது?"

நல்லா ஓடுது என்றேன்.

"கறி பத்திரமா இருக்கா?"

இருக்கு என்றேன். எனக்குக் காய்ச்சல் வந்து போனதைச் சொல்வதற்குள் கடையில் ஆள் வந்துவிட்டது. "இன்ஷா அல்லாஹ், பேசுறேன்" என்று வைத்துவிட்டார். டிக்கெட் போட்டாச்சா என்று கேட்க மறந்தேன். பரவாயில்லை. கறியைக் கேட்டாரே, அப்போது வருகிறார் என்றுதானே அர்த்தம்.

வாங்க: தலையணை உறை புதிதாக இரண்டு. மல்லித்தூள். மருதாணி.

செப்டம்பர் 8, திங்கள்

எலக்ட்ரீஷியன் சேகர் வந்தான். மழைக்கு முன்னால் பெட்டியைக் கல் வைத்து உயர்த்தினான், சுவரிலிருந்து நகர்த்தினான்.

"ஒட்டி வைக்காதீங்கக்கா. அதுவும் மூச்சு விடணும்ல."

உள்ளேயிருந்து மாமி: "நமக்கே இந்த வூட்டுல மூச்சு விட எடமில்ல, பொட்டிக்கு எடம் பாக்குறா."

சுவிட்சை வீட்டுக்குள் மாற்றித் தரச் சொன்னேன். சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று மாமி. அவர் சுவர். சுவிட்ச் கொட்டகையிலேயே இருக்கிறது.

நாளை பெரம்பலூர், என் அம்மா வீட்டுக்கு. சின்னம்மா மகள் நிக்காஹ். வியாழன் திரும்புவேன். மாமியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: "இடி இடிச்சா ஆஃப் பண்ணுங்க மாமி, வேணாங்கல. நின்னதும் மறக்காம போட்டுருங்க." எங்கள் தெருவில் வானம் உறுமினாலே வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்குவார்கள், அதைத் தடுக்க முடியாது. மாமி தலையாட்டினார்.

தலையாட்டலை நம்ப முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் கட்டியாக உறைய வைத்து, மேலே ஒரு புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ரொம்ப நேரம் ஓடாமல் ஐஸ் கரைந்தால் கொட்டை அடியில் போய்விடும். திரும்ப உறைந்தாலும் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். செல்போனில் பார்த்தது. அதில் காசு வைத்தார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய். பெரம்பலூர்

சாயங்காலம் சரியான இடி மழை. இங்கே பந்தல் ஒழுகியது. மாமிக்குப் போன் போட்டேன்.

"அங்க மழையா மாமி?"

"கொட்டுது."

"ஃப்ரீசர்?"

"ஓடுது, ஓடுது. நீ சோறு தின்னியா?"

இப்போதெல்லாம் மாமிக்கு என் மேல் என்ன இவ்வளவு பிரியம்.

நிக்காஹ் வீட்டில் ஆளுக்கு ஆள், "மாப்ள எப்ப வர்றாரு?" இந்த மாதக் கடைசியில் என்று எல்லோரிடமும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். "இந்தத் தடவையாச்சும் ஒரு புள்ளையப் பெத்துக்க" என்றாள் ஒருத்தி. அவர் சவுதியில், நான் லப்பைக்குடிக்காட்டில். பிள்ளை என்ன கூரியரிலா வரும்? சொல்லவில்லை. சிரித்தேன். பிரியாணியில் உப்பு குறைவு.

செப்டம்பர் 11, வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகை. ஓடுகிறது. மூடி சில்லென்று இருந்தது. வோல்டேஜ் டல், திறக்கவில்லை. மாமியை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று வருத்தம். வாங்கிவந்த ஜிலேபியைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கொட்டை அடியில்.

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐஸ் தெளிவாக இருந்தது, அடியில் கறுப்பாகப் புளியங்கொட்டை. கறிப் பைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறை. பெட்டித் தரையில் ரத்தத் தண்ணீர் தட்டு மாதிரி உறைந்திருந்தது. ஒரு பையைப் பிரித்தேன். உறைந்தும் நாறியது.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"எப்ப ஆஃப் பண்ணுனீங்க?"

"எதை?"

"மாமி."

"இடி இடிச்சுச்சு. கொல்லையிலயே எறங்குன மாதிரி மின்னலு. அது இரும்புப் பொட்டி. வூட்டுல நான் ஒருத்தி. ஆஃப் பண்ணுனேன்."

"நின்னதும் போடச் சொன்னேன்ல?"

"நீ வர்றதுக்கு முன்னாடி போட்டேனே."

"ரெண்டு நாளு கழிச்சா? அவருக்குன்னு வச்ச கறி மாமி. வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

முறத்தைக் கீழே வைத்தார். கோபத்தில் வாய் தவறி வந்ததா, சொல்லித் தொலைப்போம் என்று வந்ததா, தெரியவில்லை. "எங்க வர்றான் அவன்? வராதவனுக்கு எதுக்குக் கரண்ட எரிச்சிக்கிட்டுன்னுதான் உட்டேன்."

அரிசியில் கை வைத்தபடி அவரும் உட்கார்ந்திருந்தார், நானும் உட்கார்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை போனிலேயே அவர் மாமியிடம் சொல்லிவிட்டாராம். முதலாளி லீவு தரவில்லை, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. "ஒங்கிட்ட அவனே பக்குவமா சொல்லிக்கிறேன்னான்" என்றார் மாமி. அதனால் டீ. அதனால் சீனி.

அப்படியென்றால் சனிக்கிழமை "கறி பத்திரமா இருக்கா" என்று கேட்டபோது வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். மாமிக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் ஃப்ரீசருக்கும்தான் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 13, சனி

மப்பு. மழை இல்லை.

குர்பானிக் கறியைக் குப்பையில் போட மனது வரவில்லை. முருங்கைமரத்தடியில் குழி வெட்டினேன். மண் ஈரமாக இருந்ததால் மண்வெட்டி இறங்கியது. நாய் தோண்டாமல் இருக்க மேலே கல். பெருநாளன்றே எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் இன்னும் நான்கு வீட்டில் மணந்திருக்கும். அந்த நன்மையும் போயிற்று.

மாமி கொல்லைக் கதவில் நின்று பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கு மட்டும் ஆச இல்லையா புள்ள? அவன் மொகத்தப் பாத்துட்டுக் கண்ண மூடலாம்னு நானுந்தான் இருக்கேன்."

இருக்கும். ஆனால் அவருக்கு வெள்ளிக்கிழமையே அழ விட்டார்கள். எனக்கு ஏழு நாள் கழித்து, அதுவும் புளியங்கொட்டை சொல்லி. அவரைத் தேற்ற என்னால் முடியவில்லை. தண்ணீர் எடுக்கப் போனேன்.

பெட்டியைச் சோடா உப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, திரும்பப் போட்டுவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. எதற்கு ஓட வேண்டும் என்று மாமி கேட்கவில்லை.

எர்த் குழிக்கு ஒரு குடம். ஊற்றியாயிற்று.

தலையணை உறை வாங்க வேண்டாம்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் தூறல். தகரத்தில் ஒரு ஓட்டை, சரியாக ஸ்டெபிலைசர் மேல். சேகரைக் கூப்பிட வேண்டும்.

மத்தியானம் அவர் போன். எனக்குத் தெரிந்துவிட்டதை மாமி சொல்லியிருப்பார் போல. நீளமாகப் பேசினார். முதலாளி, விசா, ஊர் நிலைமை, நமக்காகத்தான், கொஞ்சம் பொறுத்துக்க. நான் உம் கொட்டினேன். பிறகு அவராகவே, "சரி, அந்தக் கறிய நீங்களாச்சும் ஆக்கித் தின்னுங்க" என்றார்.

"கெட்டுப் போச்சுங்க. பொதைச்சுட்டேன்."

"எப்புடிக் கெட்டுச்சு?"

"ரெண்டு நாளு ஓடல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். நானும் அழுதுவிடலாம் என்று இருந்தேன்.

"ஃப்ரீசருக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார்.

"இல்லைங்க. அதுக்கு ஒண்ணும் ஆவல."