இருட்டில் வைத்த பாட்டில்

பிப்ரவரி 3

கூடப் பிறக்காத தங்கச்சிக்கு,

நலமா? உன் வீட்டுக்காரர் இன்னும் குறட்டை விட்டே தெருவை எழுப்புகிறாரா?

இருபதாம் தேதி விசாரணைக் குழு முன் நிற்க வேண்டும். வெளிச்சத்தைத் தின்று வாழும் நம் ஊதா பாக்டீரியா தானாகவே மீத்தேன் உண்டாக்குகிறது என்று கட்டுரை எழுதினேன் அல்லவா? வேறு ஆய்வகங்களில் செய்து பார்த்தவர் யாருக்கும் அது வரவில்லையாம். நான் கதை கட்டினேன் என்கிறார்கள். ஆய்வகத்துக்குள் என்னை விடுவதில்லை.

நீதான் எனக்குக் கதி. ஃப்ரிட்ஜில் உள்ள என் பழைய பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு புதுப் பாட்டிலில் வளர்க்கப் போடு. ஒன்றை விளக்கடியில் வை. இன்னொன்றைக் கறுப்புத் தாளில் சுற்றி வை. வெளிச்சம் இல்லாவிட்டால் ஊதாப் பயல் வேலைக்கே வரமாட்டான். இருட்டுப் பாட்டிலில் மீத்தேன் இல்லை என்றால் நான் பிழைத்தேன்.

கை நடுக்கம் கூடிவிட்டது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டிலும் மீத்தேன் இருக்கிறது. மூன்று முறை அளந்துவிட்டேன்.

அது ஊதாப் பயல் வேலை இல்லை. பக்கத்து மேசையில் சேற்றிலிருந்து வளர்த்தோமே, வெளிச்சமே வேண்டாத அந்த மீத்தேன் கிருமியின் வேலை. நான்கு வருஷமாக இவனோடு ஒரே பாட்டிலில் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

உள்ளே விட்டது நான்தான். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கிருமியைப் பாட்டிலுக்குப் பாட்டில் மாற்றும் புது ஊசி தீர்ந்துவிட்டது. சேற்றுப் பாட்டிலில் குத்திய ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து உங்கள் பாட்டிலிலும் குத்தினேன். மறுவாரம் மீத்தேன் வந்ததும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "நாம ஜெயிச்சிட்டோம்டி" என்று அழுதீர்கள். எந்த வாயால் சொல்வேன்?

எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். குழுவிடம் கொடுங்கள். என் வேலை போனால் போகட்டும், அக்கா.

தங்கச்சி


பிப்ரவரி 18

தங்கச்சிக்கு,

உன் தாளை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். பிறகு என் ஆய்வக நோட்டு ஞாபகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'ஊசி போட்டது நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடுக்கம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, உன் கையால் செய்ததையெல்லாம் என் கையால் செய்ததாக எழுதினேன்.

உன் தாளைக் கொடுத்தால் நான் நோட்டில் பொய் எழுதியது உறுதியாகிவிடும். கொடுக்காவிட்டாலும் என்னைப் பொய்க்காரி என்றுதான் சொல்லப்போகிறார்கள். உன் வேலையாவது மிஞ்சட்டும். தாளைத் திருப்பி அனுப்புகிறேன், கிழித்துவிடு. நான் ராஜினாமாவை அனுப்பிவிட்டேன்.

நான்கு வருஷத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே நீ. மன்னிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இனி எனக்கு எழுதாதே.

அக்கா